தாய் கும்பிடும் பிள்ளை: திரையில் சமணத் துறவு, வாசகர் கேள்வி பதில்

சமணத் துறவையும் குடும்பப் பாசத்தையும் படமாக எடுப்பது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் குடும்பத்துப் பெண் துறவி ஆகிறாள். 25 நிமிடக் குறும்படம். நடுராத்திரி கடிதம் எழுதி வைத்துவிட்டு அவள் வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் முதல் காட்சி. சரியாக வருமா?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

வராது. தூங்குகிற மனைவியையும் குழந்தையையும் ஒருமுறை பார்த்துவிட்டு இருட்டில் கிளம்பியவர் சித்தார்த்தர். அது பௌத்தக் கதை. சமணத்தில் வீட்டார் சம்மதம் இல்லாமல் தீட்சை கொடுப்பது முறையில்லை. இதற்கு முன்மாதிரி மகாவீரரேதான். துறவியர் வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பரப் பிரிவின் மரபு சொல்வது இது: கருவில் அசைந்தால் அம்மாவுக்கு வலிக்குமே என்று அவர் அசையாமல் கிடந்தார். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று திரிசலை அழுதாள். உடனே அசைந்து கொடுத்தார். அசையாதிருந்ததற்கே இவ்வளவு அழுகை என்றால், பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்வரை துறவு பூணுவதில்லை என்று அங்கேயே உறுதி எடுத்துக்கொண்டார். அவர்கள் காலமான பிறகும் அண்ணன் நந்திவர்த்தனர் "இன்னும் ரெண்டு வருசம் இரு" என்று கேட்க, இருந்தார். கிளம்பும்போது வயது 30. (ஆண் துறவியர் ஆடையையும் துறக்கும் திகம்பரப் பிரிவினர் இதை ஏற்பதில்லை. மகாவீரர் மணமே செய்துகொள்ளவில்லை என்பது அவர்கள் மரபு. சுவேதாம்பரர் கதையில் யசோதை என்ற மனைவியும் ஒரு மகளும் உண்டு.)

ஆகவே உங்கள் படத்தின் முடிச்சு வாசல்படியில் இல்லை, சம்மதத்தில் இருக்கிறது. அப்பா ஒரே காட்சியில் தலையாட்டிவிட மாட்டார். முதலில் சிரித்து ஒதுக்குவார், பிறகு கோபப்படுவார், கடைசியில் "கொஞ்ச நாள் அவங்களோட நடந்து பார்த்துட்டு வா" என்பார். நிஜமாகவே துறவு நாடுகிறவர்கள் துறவியரோடு சில காலம் தங்கி, வெறுங்காலோடு நடந்து பழகுவது உண்டு. அப்படிப் பழகுகிறவரை 'முமுட்சு' என்பார்கள். கொப்புளம் கட்டிய காலோடு மகள் வீட்டுக்கு வரும் காட்சி, கடிதத்தைவிட நன்றாகப் பேசும்.

எழுத உட்காருமுன் எந்தப் பிரிவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் படங்களில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வெள்ளைச் சேலைப் பெண் துறவி கையில் மயிற்பீலியைக் கொடுத்து, வாயில் துணியும் கட்டிவிடுகிறார்கள். மயிற்பீலி திகம்பரருடையது. சுவேதாம்பரர் கையில் இருப்பது நீண்ட பிடி போட்ட கம்பளி நூல் குஞ்சம், பெயர் 'ஓகா'. முகத்துணியை எந்நேரமும் கட்டியிருப்பவர்கள் உருவ வழிபாடு இல்லாத ஸ்தானகவாசி, தேராபந்தி பிரிவினர். உருவ வழிபாடு உள்ள மூர்த்திபூஜக் பிரிவினர் அதைக் கையில் வைத்திருந்து, பேசும்போது மட்டும் வாயருகே பிடிப்பார்கள். திகம்பரருக்கு முகத்துணி கிடையாது, பிச்சைப் பாத்திரமும் கிடையாது. பீலியும் கமண்டலமும்தான்.

கேள்வி: தீட்சை விழாவைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? எந்த இடத்தில் அழுகையை வைப்பது?
(உதவி இயக்குநர், கோவில்பட்டி)

மூர்த்திபூஜக் முறையைச் சொல்கிறோம், கண்ணுக்கு அதிக வேலை இருப்பது அதில்தான். முன்தினமோ அன்றைக்கோ ஊர்வலம். தீட்சை எடுப்பவர் கல்யாணப் பெண் போலப் பட்டும் நகையும் மருதாணியுமாக ரதத்தில் அமர்ந்து பணம், அரிசி, துணி என்று இரு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போவார். மகாவீரர் ஓராண்டு தானம் செய்ததன் நினைவு அது. துறவிக்குரிய கம்பளி, மரப்பாத்திரம், வெள்ளாடை முதலியவற்றைக் கொடுக்கும் பாக்கியத்துக்குச் சபையில் ஏலம் நடக்கும். பாத்திரத்துக்குச் சித்தப்பா ஏலம் கேட்பது, தாய்மாமன் விட்டுக்கொடுக்காமல் ஏற்றுவது, பார்வைக்குச் சீர்வரிசைச் சண்டை மாதிரியே இருக்கும். பாசம் ரூபாய்க் கணக்கில் வெளிப்படும் இந்த இடத்தைப் படமெடுப்பவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது மேடை. குரு ஓகாவைக் கொடுப்பார். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தீட்சை எடுப்பவர் ஆடுவார். இங்கே முகத்தில் சோகத்தைப் பூசினால் காட்சி பொய்யாகிவிடும். அது நிஜமான ஆட்டம், மணமேடை ஏறுகிற குதூகலம். பிறகு உள்ளே போய் நகை கழற்றி, உச்சியில் சில முடி மட்டும் விட்டுத் தலை மழித்து, குளித்து, வெள்ளை உடுத்தி வருவார். மிச்சமிருக்கும் முடியைக் குரு கையாலேயே பறிப்பார். வாழ்நாள் முழுவதற்குமான 'கரேமி பந்தே' உறுதிமொழி சொல்லப்படும், புதுப் பெயர் அறிவிக்கப்படும். ஐந்து மகாவிரதங்களை முறைப்படி ஏற்கும் 'பெரிய தீட்சை' தனியாகப் பிறகு நடக்கும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள்.

அழுகைக்கு இடம், நகை கழற்றப் போகும் முன். வெள்ளை உடுத்தி வெளியே வந்த மகளை அப்பா தொடக் கூடாது. பெண் துறவிக்கு ஆண் ஸ்பரிசம் விலக்கு. அப்பா, தம்பி, மடியில் வளர்ந்த அண்ணன் மகன், யாரும் விதிவிலக்கில்லை. கடைசியாகக் கட்டிப்பிடிப்பதை இதற்குப் பின்னால் வைத்திருந்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் வைக்க வேண்டியது இன்னொன்று: அவளைப் பெற்றவர்களே அவள் முன் குனிந்து கும்பிடுவது.

மேக்கப் சம்பந்தமாக ஒன்று. தீட்சைக்குப் பிறகு கத்தியே கிடையாது, முடியைக் கையால்தான் பறிக்க வேண்டும். பிடி வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். திகம்பரருக்கு இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அதனால் பல வருடத் துறவியின் தலை பளபளவென்று இருக்காது, அங்கங்கே ஏறியும் இறங்கியும் முளைத்த குட்டை முடியாக இருக்கும். திரையில் மொழுமொழு மொட்டையைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

கேள்வி: துறவியான மகன் பத்து வருடம் கழித்து பிச்சைக்கு வருகிறான். அம்மா அவனுக்குப் பிடித்த சொதி வைத்துப் பரிமாறுகிறாள். கிளைமாக்ஸே இதுதான். ஏதும் தப்பு உண்டா?
(வாசகி, சங்கரன்கோவில்)

சொதியிலேயே தப்பு இருக்கிறது. மறுவீட்டுச் சொதி என்றால் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி. ஐந்துமே மண்ணுக்கடியில் விளைவது, ஐந்துமே சமணருக்கு ஆகாது. கிழங்கைப் பிடுங்கினால் செடியே சாகும், ஒரு கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் என்பது அவர்கள் கணக்கு. மிஞ்சுவது தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, பச்சை மிளகாய், எலுமிச்சை. இஞ்சிக்குப் பதில் சுக்கு தட்டிப் போடலாம், காய்ந்தது என்பதால் விலக்கில்லை. இப்படியே நல்ல சொதி வரும். பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது என்பதால் காட்சியைப் பகலில் வையுங்கள்.

ஆனால் பெரிய தப்பு சமையலில் இல்லை, "அவனுக்காக" என்பதில் இருக்கிறது. சுவேதாம்பரத் துறவி, தனக்கென்று சமைத்ததை வாங்கக் கூடாது. வீட்டார் தங்களுக்குச் சமைத்ததில் கொஞ்சம், அடுத்த வீட்டில் கொஞ்சம் என்று மாடு மேய்வதுபோலப் பல வாசலில் எடுக்க வேண்டும். அந்தப் பிச்சைக்கே 'கோசரி' என்றுதான் பெயர். பெற்ற வீடும் அவருக்குப் பல வீடுகளில் ஒன்று. ஆக, "உனக்காகத்தான் வச்சேன்" என்று அம்மா வாயைத் திறந்தால் அவர் பாத்திரத்தை மூடிக்கொண்டு போயாக வேண்டும். உங்கள் கிளைமாக்ஸ் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சொல்லத் துடித்து, சொன்னால் போய்விடுவான் என்று தெரிந்து, "வீட்டுக்கு வச்சதுதான்" என்று அவள் பொய் சொல்லலாம். மகனுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். வாங்குவானா மாட்டானா என்பது உங்கள் கையில். வாங்க வைத்தால் அவன் விரதம் உடைந்தது, படத்தில் யாராவது அதைக் கவனித்தாக வேண்டும்.

மகனைத் திகம்பர முனிவராக்கினால் காட்சி முற்றிலும் வேறு. அங்கே வீட்டுவாசலில் குடும்பமே குளித்துத் தூய உடை உடுத்தி, கையில் கலசமோ தேங்காயோ ஏந்தி நிற்கும். முனிவர் அன்றைக்குக் கிளம்பும்போதே மனதுக்குள் ஒரு நிபந்தனை போட்டிருப்பார்: தேங்காய் ஏந்திய தம்பதி நிற்கும் வீட்டில்தான் நிற்பேன், இப்படி ஏதாவது. வெளியே சொல்ல மாட்டார். பொருந்தாவிட்டால் அம்மா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். எந்த வாசலும் பொருந்தாவிட்டால் அன்று பட்டினி.

நின்றுவிட்டால் "நமோஸ்து" என்று மும்முறை வணங்கி, "நில்லுங்கள்" என்று வேண்டி, வலம் வந்து, உள்ளே அழைத்துக் கால் கழுவி, மனமும் சொல்லும் உடலும் உணவும் நீரும் தூய்மை என்று அறிவிப்பார்கள். அவர் நின்றபடி இரு கைகளையும் சேர்த்துப் பிடிப்பார். கவளம் கவளமாகக் கையில் வைக்க வேண்டும். நாளுக்கு ஒரே வேளை, தண்ணீரும் அப்போது மட்டும். சோற்றில் ஒரு முடி, ஓர் எறும்பு தென்பட்டால் அதோடு முடிந்தது. கையை விரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார், மறுநாள்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. இதற்கு 'அந்தராயம்' என்று பெயர், 32 வகை சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது கவளத்தில் அம்மாவின் நரைமுடி ஒன்று. இதற்கு மேல் வசனமே வேண்டாம்.

தமிழ் பேசும் அம்மா என்றால் ஒரு சிறு திருத்தம்: தமிழ்ச் சமணர் திகம்பரர்கள், நயினார் என்பார்கள். அவர்கள் ஊர்கள் வந்தவாசி, செஞ்சி வட்டாரத்தில் இருக்கின்றன. மடம் மேல்சித்தாமூரில். வேலை மாற்றலாகி நெல்லைக்கு வந்த நயினார் குடும்பம் என்று வைத்துக்கொண்டால் கதை நிற்கும்.

கேள்வி: என் கதையில் துறவி விமானத்தில் போக வேண்டியிருக்கிறது. முடியுமா?
(வாசகர், தென்காசி)

முழுத்துறவி என்றால் மாட்டுவண்டிகூட முடியாது. தேராபந்தத்தில் ஆச்சாரிய துளசி 1980-இல் தொடங்கிய 'சமணி' வரிசை ஒன்று உண்டு. இல்லறத்துக்கும் முழுத்துறவுக்கும் இடைப்பட்ட படி. அவர்கள் வாகனத்திலும் விமானத்திலும் போகலாம். உங்கள் பாத்திரத்தைச் சமணியாக்கிவிடுங்கள்.

கேள்வி: மயிற்பீலிக்காக மயிலைக் கொல்வதில்லையா? அகிம்சை பேசுகிறவர்கள் ஆயிற்றே.
(வாசகர், எட்டயபுரம்)

மயில் வருடந்தோறும் தானே தோகை உதிர்க்கும். உதிர்ந்ததைப் பொறுக்கிக் கட்டுவதுதான் பீலி. உட்காருமுன் தரையில் இருக்கும் பூச்சியை நோகாமல் ஒதுக்க அதைவிட மென்மையான பொருள் இல்லை.

கேள்வி: கழுகுமலையில் படமெடுக்க ஆசை. பாசத்துக்கும் அந்த மலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(வாசகர், திருவேங்கடம்)

தாராளமாக உண்டு. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இன்று தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை நெல்லை மாவட்டம்தான். வெட்டுவான் கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைக்குப் போங்கள். 8-ஆம் நூற்றாண்டைச் சுற்றிய பாண்டியர் காலத்து வேலை. அடுக்கடுக்காகத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு சிற்பம். ஒன்று பாகுபலி. அண்ணன் பரதனோடு போரிட்டு வென்ற கையோடு நாட்டை விட்டுவிட்டு, கொடி படர அசையாமல் நின்றவர். இங்கே அவர் தனியாக இல்லை, இரு பக்கமும் தங்கைகள் பிராமியும் சுந்தரியும் நின்று கொடியை விலக்குகிறார்கள். "யானையை விட்டு இறங்குங்கள் அண்ணா" என்று அவர்கள் சொன்ன பிறகுதான், தான் ஏறியிருக்கும் யானை தன் செருக்கு என்பது அவருக்கு உறைத்தது என்கிறது சுவேதாம்பரக் கதை. ஒரு வருடம் நின்ற தவத்துக்கு எட்டாதது உடன்பிறந்தவள் பேச்சில் கிடைத்தது.

மற்றொன்று அம்பிகை. திவசத்துக்குச் சமைத்த சோற்றை, பசியோடு வந்த சமண முனிவருக்கு எடுத்துக் கொடுத்தாள் என்று கணவன் அவளை வீட்டை விட்டுத் துரத்தினான். இரண்டு ஆண்பிள்ளைகளோடு வெளியேறினாள். பிறகு மனம் மாறி அவளைத் தேடி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து அவள் உயிரை விட்டாள். அவள் இயக்கி என்ற சமணக் காவல் தெய்வமானாள், அவன் அவளுக்கு வாகனமாகச் சிங்கமானான். பாறையில் பிள்ளைகளும் சிங்கமும் இருக்க, கையை உயர்த்தி மிரண்டு நிற்கும் ஆண் உருவமும் இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். இயக்கி என்ற சொல்தான் நம் ஊர் இசக்கி ஆயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியைத் தெருவுக்குத் தெரு கும்பிடுகிற நமக்கு அம்பிகை அந்நியமில்லை.

கல்வெட்டுகளில் 'குரத்தியார்' என்று பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள், திருச்சாரணத்துக் குரத்திகள் உட்பட. திருச்சாரணம் என்பது இன்றைய சிதறால். வீட்டை விட்டு வந்தவர்களுக்கு ஆசிரியை, மாணாக்கி என்று வேறோர் உறவுமுறை இருந்திருக்கிறது.

படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறையின் முன்அனுமதி வேண்டும். பாறையில் எண்ணெய், பொடி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. உச்சி வெயிலில் புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும். சாய்வெயிலில்தான் மூக்கும் விரலும் எழுந்து வரும்.

கேள்வி: 'பூம்புகார்' படத்துக் கவுந்தியடிகளைத் தவிர நல்ல சமணத் துறவி தமிழ்த் திரையில் உண்டா? கவுந்தி செத்தது தற்கொலையா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்)

1964-இல் வந்த அந்தப் படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நடித்தது நிற்கிற அளவுக்கு வேறொருவர் நினைவில் நிற்கவில்லை. நம் பக்திப் படங்களில் சமணர் என்றால் பெரும்பாலும் சூழ்ச்சிக்காரர். அப்பர் கதையையே எடுங்கள். தருமசேனர் என்ற பெயரில் சமணத்தில் இருந்தவரைச் சூலை நோய் வாட்டி, திருவதிகையிலிருந்த அக்கா திலகவதியாரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. பெரிய புராணம் அக்கா பக்கம் நின்று சொல்கிறது, சரிதான். விட்டுப்போன மடத்தில் அவருக்கு என்ன உறவு இருந்தது என்று கேட்கிற படம் இன்னும் வரவில்லை.

சிலம்பின் கவுந்தி, திரை கண்டதைவிட ஆழமான ஆள். தோளில் துணி, கையில் பாத்திரமும் பீலியும் எடுத்துக் கிளம்புகிறார். ஆற்றங்கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்குமே என்று கோவலனிடம் கவலைப்படுகிறார். வழியில் இருவர் "இவர்கள் யார்?" என்று கேட்க, "என் மக்கள்" என்கிறார். "ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ?" என்று அவர்கள் இளித்ததும், நரியாகப் போகச் சபிக்கிறார். கோபத்தை வென்றிருக்க வேண்டிய துறவிக்குத் தாய்க்கோபம் வந்துவிடுகிறது! கண்ணகியும் கோவலனும் கேட்டுக்கொண்ட பிறகு 12 மாதத்தில் சாபம் தீரும் என்று இறங்குகிறார். கோவலன் மாண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பில் உயிர் விடுகிறார்.

தற்கொலையா என்றால், சமணர் இல்லை என்பார்கள். உண்ணாநோன்பிருந்து உயிர் விடும் சல்லேகனைக்கு நிபந்தனை உண்டு: தவிர்க்க முடியாத இடர், பஞ்சம், மூப்பு, தீராத நோய். குருவின் அனுமதி பெற்று, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, திட உணவை விட்டுப் பால் மோர், அதையும் விட்டு வெந்நீர், பிறகு அதுவும் இல்லை என்று படிப்படியாகக் குறைப்பது முறை. செஞ்சி அருகே திருநாதர்குன்றுக் கல்வெட்டில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோற்றது பதிவாகியிருக்கிறது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் இதைக் குற்றம் என்றது. அதே மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கவுந்தி நோன்புக்குக் காரணம் மூப்பும் இல்லை, நோயும் இல்லை. பெறாத பிள்ளைகளின் சாவு. அந்த நிபந்தனைகளுக்குள் அவர் அடங்கமாட்டார் என்பதே எங்கள் அபிப்பிராயம். இளங்கோ தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

கேள்வி: பாசமே பாவம் என்கிறதா சமணம்?
(வாசகி, வள்ளியூர்)

பாவம் என்பதில்லை, கட்டு என்கிறது. மகாவீரரின் தலைமைச் சீடர் கௌதமருக்குக் குருமேல் இருந்த அன்பே தடையாகி, குரு மறையும்வரை முழுஞானம் வரவில்லை. அதே சுவேதாம்பரர்கள்தான், முதல் தீர்த்தங்கரர் ரிஷபரைப் பெற்ற மருதேவி, மகனைப் பார்க்க யானைமேல் வந்தவள், பார்த்த மாத்திரத்தில் அங்கேயே முக்தி அடைந்தாள் என்கிறார்கள். தீட்சை, விரதம், பீலி ஒன்றும் இல்லாமல்.

கேள்வி: துறவியாகிவிட்ட மகனிடம் எங்கள் ஊர் அம்மா எப்படிப் பேசுவாள்? வசனம் எழுத வரமாட்டேன் என்கிறது.
(குறும்பட இயக்குநர், நாங்குநேரி)

முதல்நாள்வரை "யய்யா", "ஏல மக்கா". மறுநாளிலிருந்து "சாமி". இந்த மாற்றத்தை வசனத்தில் விளக்காதீர்கள். வாய் தவறி ஒருமுறை "யய்..." என்று தொடங்கி அவள் விழுங்கினால் போதும். மகன் "அம்மா" என்று கூப்பிட மாட்டான். அவனுக்கு அவளும் ஒரு சிராவகி, அதாவது இல்லறத்துச் சமணப் பெண். கண்ணையும் பழக்குங்கள்: நடக்கும்போது துறவியின் பார்வை நாலு முழத் தூரத்தில் தரையில்தான் இருக்க வேண்டும். நடிகர் தொடுவானத்தைப் பார்த்து நடந்தால் பாத்திரம் கெட்டது. இருட்டில் நடக்கவும் கூடாது.

சுவேதாம்பரக் குடும்பம் என்றால் உங்களுக்கு ஒரு வசனம் மரபிலேயே தயாராக இருக்கிறது. துறவியை வணங்கும்போது இல்லறத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: இரவு சுகமாகக் கழிந்ததா, தவம் நன்றாக நடக்கிறதா, உடம்புக்கு உபாதை ஒன்றும் இல்லையே. அதற்கு அவர் சொல்லும் பதில் "தேவகுரு பசாய்", அதாவது தேவர், குரு அருளால். ஊரே வரிசையில் நின்று இதை ஒப்பிக்கும். அம்மாவையும் வரிசையில் நிறுத்துங்கள். அவள் முறை வரும்போது அதே மூன்று கேள்விகளை, ஒரு சொல்லும் கூட்டாமல், கொஞ்சம் மெதுவாகக் கேட்கட்டும்.